பி80-1: பறக்காமல் போன செயற்கைக்கோளும் அதில் ஏறக் காத்திருந்த சோதனைகளும்

#1 பழைய_ரேடியோ

சாலஞ்சர் விண்ணோட (ஸ்பேஸ் ஷட்டில்) விபத்தைப் பற்றி இங்கே ஏற்கெனவே நாலைந்து இழை ஓடுகிறது. அதையே மறுபடி கிளற வரவில்லை. அந்த விபத்தோடு சேர்ந்து முடங்கிப்போன ஒரு செயற்கைக்கோளைப் பற்றிப் பேசலாமே என்றுதான் இந்த இழை.

பெயர் பி80-1. அமெரிக்க விமானப்படையின் விண்வெளிச் சோதனைத் திட்டத்தில் கட்டியது. அதில் முக்கியப் பயணி 'டீல் ரூபி' என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி. அது தார்ப்பாவின், அதாவது அமெரிக்க இராணுவ ஆராய்ச்சி முகமையின், பிள்ளை. பெரும்பாலும் செயற்கைக்கோளையே டீல் ரூபி என்று சொல்லிவிடுகிறார்கள். டிஸ்கவரி விண்ணோடம் 1986-இல் கலிபோர்னியாவின் வாண்டன்பர்கிலிருந்து இதைத் தூக்கிப் போக வேண்டும். பயணத்தின் குறியீடு எஸ்டிஎஸ்-62-ஏ. விண்ணோடம் ஒன்று மேற்குக் கரையிலிருந்து கிளம்புவது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். ஜனவரி 28-இல் சாலஞ்சர் சிதறியது. அதன் பிறகு வாண்டன்பர்கிலிருந்து விண்ணோடமே பறக்கவில்லை.

தளபதி ராபர்ட் கிரிப்பன். 1981-இல் முதல் விண்ணோடத்தை ஜான் யங்கோடு ஓட்டியவர். ஆனால் அதற்கும் முன்னால், 1966-இல், அவர் விமானப்படையின் ஆளுள்ள சுற்றுப்பாதை ஆய்வகத்துக்குத் தேர்வானவர். அதற்காகவே வாண்டன்பர்கில் எஸ்எல்சி-6 என்ற ஏவுதளத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1969 ஜூனில் திட்டத்துக்கு மூடுவிழா. பதினேழு வருடம் கழித்து அதே மனிதர், அதே ஏவுதளம், மறுபடியும் ரத்து. நம் ஊரில் என்றால் சனி பிடித்த இடம் என்று பரிகாரம் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏறவிருந்த சோதனைகள் என்ன ஆயின? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 மஞ்சப்பை

நல்ல இழை ஐயா. ஒரு அடிப்படைச் சந்தேகம். ஃப்ளோரிடாவில் அவ்வளவு பெரிய ஏவுதளம் இருக்கும்போது கலிபோர்னியாவுக்கு ஏன் போனார்கள்?

#3 தேரிக்காடு

இதற்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை இது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி துருவப் பாதைக்கு (பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் பாதை) போகும்போது நேராகத் தெற்கே போக முடியாது, வழியில் இலங்கை இருக்கிறது. அதனால் முதலில் தென்கிழக்கே போய் அப்புறம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் எரிபொருள் போகிறது, தூக்கும் எடை குறைகிறது. சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசேகரன்பட்டினத்தில் தளம் கட்டுவதே இதற்காகத்தான். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் கடல், கடல், கடல்.

வாண்டன்பர்கும் அப்படித்தான், துருவப் பாதைக்கு ஏற்ற இடம். தெற்கே அண்டார்டிகா வரை தண்ணீர். ஃப்ளோரிடாவிலிருந்து தெற்கே விட்டால் கியூபா. 1960-இல் அப்படிக் கிளம்பிய ஒரு ராக்கெட் பழுதாகி, துண்டுகள் கியூபாவில் விழுந்து ஒரு பசுமாடு செத்துப்போனது. கியூபாக்காரர்கள் சும்மா விடவில்லை, அமெரிக்காவுக்கு எதிராக ஊர்வலமே போனார்கள்.

இன்னொன்று: கிழக்கே ஏவினால் பூமி சுழலும் வேகம் இலவசமாகக் கிடைக்கும். துருவத்துக்குப் போனால் அந்த உதவி கிடையாது. அதனால் வாண்டன்பர்க் விண்ணோடத்துக்கென்றே எஃகுக்குப் பதிலாகக் கார்பன் இழை சுற்றிய, எடை குறைந்த பூஸ்டர் (கிளம்பும்போது தள்ளும் பக்கத்து ராக்கெட்) உறைகளைச் செய்தார்கள். சாலஞ்சரில் கோளாறு வந்ததே பூஸ்டர் இணைப்பில்தான். அதைப் பார்த்த பிறகு இந்தப் புது உறையை நம்பி ஆளை உட்கார வைக்க யாருக்குத் தைரியம் வரும்?

#4 கணக்குப்பிள்ளை

எல்லாப் பழியையும் சாலஞ்சர் தலையில் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெயரையே பாருங்கள். பி80-1. விண்வெளிச் சோதனைத் திட்டத்தில் பெயர் வைக்கும் முறை எளிது: நடுவில் இருப்பது நிதியாண்டு, கடைசியில் அந்த ஆண்டின் வரிசை எண். அதாவது இது 1980 கணக்கில் பிறந்த பிள்ளை. 1986 ஜனவரியில் இன்னும் தரையில். விபத்து நடந்த அன்றைக்கே இது ஆறு வருடம் பழையது.

கல்யாண மண்டபம் தீப்பிடித்தது உண்மைதான். ஆனால் மாப்பிள்ளை அதற்கு முன்பே ஆறு முகூர்த்தத்தைத் தவறவிட்டிருந்தார்.

#5 பழைய_ரேடியோ

அருமையான கவனிப்பு. இதே வரிசையில் இரண்டு அண்ணன்மார் உண்டு. பி78-2 என்பது ஸ்காத்தா. 1979 ஜனவரியில் போனது. விண்வெளியில் செயற்கைக்கோளின் உடம்பில் மின்னூட்டம் எப்படிச் சேர்கிறது, திடீரென்று பொறி அடித்து மின்சுற்றை எப்படிக் கெடுக்கிறது என்று பார்த்தது.

பி78-1 என்பது சோல்விண்ட். அடுத்த மாதமே போனது. அதன் கருவி சூரியனின் ஒளிவளையத்தைப் பார்த்துக்கொண்டே, சூரியனில் போய் விழுகிற வால்நட்சத்திரங்களையும் பிடித்தது. 1985 செப்டம்பர் 13-இல் எஃப்-15 விமானத்திலிருந்து ஏவுகணை விட்டு அதை அமெரிக்க விமானப்படையே உடைத்தது, செயற்கைக்கோள் எதிர்ப்பு ஆயுதச் சோதனைக்காக. அப்போதும் அது தரவு அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.

ஆக ஒரு அண்ணனைச் சொந்த வீட்டுக்காரர்களே சுட்டார்கள். தம்பி வாசலையே தாண்டவில்லை.

#6 குளிர்_கண்ணாடி

அகச்சிவப்புக் கேமரா பழுது பார்ப்பது என் தொழில், அதனால் டீல் ரூபி பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அதன் வேலை, பறக்கும் விமானத்தை விண்வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பது. ஏவுகணை கிளம்புவதைக் காண்பது அவ்வளவு கடினம் இல்லை. அதன் நெருப்பு அவ்வளவு பெரியது. 1970-களிலேயே டிஎஸ்பி என்ற ஏவுகணை எச்சரிக்கைச் செயற்கைக்கோள்கள் அதைச் செய்தன. அவை தம்மைத்தாமே நிமிடத்துக்கு ஆறு சுற்று சுழற்றிக்கொண்டு, வரிசையாக வைத்த உணரிகளால் பூமியைப் பெருக்கிப் பெருக்கிப் பார்க்கும், துடைப்பத்தால் பெருக்குவதுபோல. ஒரே இடத்தை மறுபடி பார்க்கப் பத்து நொடி ஆகும். நெருப்புக்கு அது போதும். விமானத்துக்குப் போதாது. அதன் சூடு மங்கலானது, பின்னால் மேகம், பாலைவனம், கடலில் சூரியன் பளபளப்பது என்று ஆயிரம் இரைச்சல்.

டீல் ரூபியின் யோசனை வேறு. சுழலாமல், கண் கொட்டாமல் ஒரே இடத்தை முறைத்துப் பார்ப்பது. பல்லாயிரம் உணரிகளைத் தரையில் ஓடு பதிப்பதுபோல் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு நிலம். இந்த நொடியின் படத்திலிருந்து முந்தைய நொடியின் படத்தைக் கழி. அசையாதது எல்லாம் போய்விடும். மிச்சம் இருப்பது அசைவது. இன்றைக்குக் கடை வாசல் கண்காணிப்புக் கேமராவே இதைச் செய்கிறது. 1970-களின் இறுதியில் அவ்வளவு உணரிகளை ஒரே தட்டில், அதுவும் அகச்சிவப்பில் செய்வது பெரிய காரியம்.

இன்னொரு தந்திரம் எந்த நிறத்தில் பார்ப்பது என்பது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரான் அலைநீளத்தின் பக்கம் ஒளியை விழுங்கிவிடும். மேலிருந்து அந்த நிறத்தில் பார்த்தால் தரையே தெரியாது, மூடுபனி போட்டதுபோல. ஆனால் விமான எஞ்சினிலிருந்து வருவதும் அதே வாயுதான், சூடாக. சூடு அதிகமானால் அதன் ஒளி அந்த வரம்பின் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வழிந்து வெளியே வரும். தரையைப் போர்வையால் மூடிவிட்டு, போர்வைக்கு மேலே பறப்பதை மட்டும் பார்ப்பது. சரியாக எந்த நிறத்தில் வைத்தால் விமானம் தூக்கலாகத் தெரியும் என்று அளப்பதுதான் அசல் ஆய்வு.

#7 மஞ்சப்பை

அப்படியானால் அதைப் பறக்கவிடாததில் பெரிய நஷ்டம் இல்லையா?

#8 குளிர்_கண்ணாடி

இருந்தது. ஆனால் விபத்துக்குப் பிறகு வேறு வண்டி பிடித்து 1990-இல் பறந்திருந்தால் அவ்வளவு லாபமும் இருந்திருக்காது. காரணம் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட உணரியைக் குளிர வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் தன் சூட்டையே தான் பார்க்கும். டீல் ரூபியில் திடமாக உறைந்த நியானும் மீத்தேனும் குளிரூட்டி. அவை விண்வெளியில் மெல்ல ஆவியாகும். தீர்ந்தால் கருவியும் தீர்ந்தது. 1983-இல் விண்வெளிக்குப் போன ஐராஸ் அகச்சிவப்புத் தொலைநோக்கியின் திரவ ஹீலியம் பத்து மாதத்தில் தீர்ந்து அதோடு கதை முடிந்தது, நினைவிருக்கும்.

என் கைப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் குளிரூட்டும் வகைக் கேமரா ஒன்றை வாங்கி, அதை இயக்கத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போனதும் மூன்று வருடம் பீரோவில் வைத்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்துக் கூப்பிட்டார்கள். பொத்தானை அழுத்தினேன். உள்ளே குளிர்ப்பொறி ஊமைத் தேனீ மாதிரி ரீங்காரமிட ஆரம்பித்தது. நல்ல கேமரா என்றால் ஆறேழு நிமிடத்தில் சத்தம் தணிந்து படம் வரும். இது பத்து, பதினைந்து, இருபது நிமிடம் ஓடியது. சத்தம் தணியவே இல்லை. உணரியைச் சுற்றி இருக்க வேண்டிய வெற்றிடம் போயிருந்தது. கண்ணாடி ஜன்னலில் விரலை வைத்தேன், சில்லென்று லேசாக ஈரம் பூத்திருந்தது. உள்குளிர் வெளியே கசிகிறது. கேமராவை ஒரு தடவை கூடத் தவறாகப் பயன்படுத்தவில்லை, சும்மா வைத்திருந்ததே போதுமாக இருந்தது.

1970-களின் உணரியை 1990 வரை கிடங்கில் வைத்திருந்து ஏவினால் என்ன கிடைக்கும் என்று இப்போது யோசியுங்கள். வேலை செய்தாலும், அதற்குள் தரையில் அதைவிட நல்ல உணரிகள் வந்துவிட்டன.

#9 இளங்கோ_ஏரோ

எல்லோரும் தொலைநோக்கியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இதில் ஆர்வமே இரண்டாவது பயணியிடம்தான். நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் தந்த அயனி எஞ்சின், ஐஏபிஎஸ். (தீவிரப் புற ஊதா ஒளியை அளக்கும் கருவி ஒன்றும் போகவிருந்தது, அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை.)

இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர் விட்டம். எரிபொருள் பாதரசம். ஆவியாக்கி, எலக்ட்ரானைப் பிடுங்கி, அயனியாக்கி, மின் வலைத்தட்டு வழியாக வேகமாக வெளியே தள்ளும். தள்ளுவிசை சுமார் 5 மில்லிநியூட்டன். உள்ளங்கையில் பத்து மிளகை வைத்தால் அழுத்துமே, அவ்வளவு. ஆனால் விடாமல் தள்ளும். தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் வடக்கும் தெற்குமாக நகராமல் இருக்க இதுவே போதும். வழக்கமான எரிபொருளில் பத்தில் ஒரு பங்கு எடையில் வேலை முடியும்.

இது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாத விஷயம். 1970-இல் செர்ட்-2 என்ற சோதனைக்கோளில் 15 சென்டிமீட்டர் பாதரச எஞ்சின்கள் இரண்டு போயின. ஒன்று ஐந்து மாதம், மற்றது மூன்று மாதம் ஓடி நின்றன. அயனிகளே வலைத்தட்டை அரித்து, அரித்த துணுக்கு இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மாட்டி ஷார்ட் ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சில வருடம் கழித்து செயற்கைக்கோளைச் சுழற்றிவிட்டதில் ஒன்றின் துணுக்கு விலகி எஞ்சின் மறுபடி உயிர் பெற்றது. மக்கர் செய்யும் டிவியைத் தட்டிப் பார்ப்போமே, அந்த வைத்தியம்.

பி80-1-இல் போட்ட திட்டம்: முழு விசையில் 7,055 மணி நேரம் ஓட்ட வேண்டும், 2,557 தடவை போட்டு அணைக்க வேண்டும். வெளியேறும் பாதரசமும் அரித்த உலோகமும் செயற்கைக்கோளின் மேலேயே படிகிறதா என்று பார்க்கச் சூரிய மின்கலத் துண்டுகளையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

இந்த 7,055 கூடப் பரவாயில்லை. 2,557 என்ன கணக்கு? 2,500 என்று வைத்திருக்கலாமே. ரெண்டு நாளாக மண்டை காய்கிறது.

#10 கணக்குப்பிள்ளை

பாதரசம்! நியானால் உறைய வைத்த தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே பாதரச ஆவி விடும் எஞ்சின். குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படியும் என்று பாட்டிக்கே தெரியும். யார் இந்த இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றியது?

#11 இளங்கோ_ஏரோ

நியாயமான கேள்வி அண்ணா. சோதனைத் திட்டங்களில் இது சகஜம், இடம் இருக்கும் வண்டியில் ஆளுக்கு ஒரு மூலையில் ஏறிக்கொள்வார்கள். எஞ்சினின் வாயை வேறு பக்கம் திருப்பிவிடலாம். ஆனாலும் அந்தப் படிவை அளக்கும் கருவியும் சோதனையின் பகுதியாக இருந்தது சும்மா இல்லை.

எப்படியும் பாதரசத்தின் காலம் முடிந்துவிட்டது. 1997-இல் வணிகச் செயற்கைக்கோளிலும் 1998-இல் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்திலும் போனவை செனான் வாயு எஞ்சின்கள். நடுவில் ஒரு புதிய நிறுவனம் பாதரசத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. மேலே விட்ட பாதரசம் மெல்லக் கீழே இறங்கிக் கடலுக்குத்தான் வரும் என்று எதிர்ப்பு கிளம்பி, 2022-இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் செயற்கைக்கோள் எரிபொருளில் பாதரசத்தை நிறுத்த முடிவெடுத்தன. நம் இஸ்ரோவும் செனானில்தான். 2025 மார்ச்சில் 300 மில்லிநியூட்டன் எஞ்சின் ஒன்றைத் தரையில் வெற்றிடக் கூண்டுக்குள் 1,000 மணி நேரம் ஓட்டி முடித்தார்கள். கேள்வி அதேதான், அரிப்பு எவ்வளவு என்று.

#12 மஞ்சப்பை

இராணுவத்துக்காகக் கட்டியது, போகாமல் இருந்ததே நல்லது. இதற்கு ஏன் இவ்வளவு துக்கம்? உளவுக் கண் ஒன்று குறைந்தது என்று சந்தோஷப்படுங்கள்.

#13 பழைய_ரேடியோ

தம்பி, துக்கம் என்று நான் எழுதவில்லை. உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் ஸ்காத்தா அளந்த மின்னூட்டக் கணக்கு இன்றைக்கு டிவி செயற்கைக்கோளைக் காப்பாற்றுகிறது. அயனி எஞ்சினுக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தம் இல்லை. பட்டாளத்துக்காரர் வண்டியில் ஊர்க்காரனும் ஏறிப் போகிற மாதிரி.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு கேள்வி. தாமதம்தான் கொன்றது என்கிறீர்கள். கிரெஸ் என்ற செயற்கைக்கோளும் இதே சோதனைத் திட்டம், இதேபோல் விண்ணோடத்துக்காகவே வடிவமைத்தது. விபத்துக்குப் பிறகு அதை அட்லஸ் ராக்கெட்டுக்கு மாற்றி 1990 ஜூலையில் அனுப்பினார்கள். 1991 மார்ச்சில் பூமியைச் சுற்றி ஒரு புதிய கதிர்வீச்சுப் பட்டை உருவானதை அதுதான் நேரில் பார்த்தது. அதற்கு வண்டி கிடைத்தது, இதற்கு ஏன் கிடைக்கவில்லை?

#14 கணக்குப்பிள்ளை

கிரெஸ் கேட்ட கேள்வி பழசாகவில்லை, அதனால் வண்டி கிடைத்தது. கதிர்வீச்சுப் பட்டை அங்கேயேதான் இருக்கும், நான்கு வருடம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகாது. டீல் ரூபியின் கேள்வி 'இந்த உணரி வேலை செய்யுமா' என்பது. உணரி பழசானால் கேள்வியும் பழசு. ஆகவே நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும் ஒன்றுதான்.

62-ஏ பயணத்தில் ஏறவிருந்த இன்னொரு கருவி சிர்ரிஸ், காற்று மண்டலத்தின் அகச்சிவப்பு ஒளியை அளப்பது. அது 1991 ஏப்ரலில் எஸ்டிஎஸ்-39-இல் போய்விட்டது. அதுவும் டிஸ்கவரியில்தான். துருவ ஒளியை அருமையாகப் படித்துக்கொண்டு வந்தது. அதன் கேள்வியும் கெடாத கேள்வி.

இன்னொரு கூத்து. 62-ஏ பயணத்தில் ஒரு இருக்கை பீட் ஆல்ட்ரிட்ஜ் என்பவருக்கு. விமானப்படையின் துணைச் செயலர். விண்ணோடத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள், பழைய மாதிரி ராக்கெட்டும் கையில் இருக்கட்டும் என்று விபத்துக்கு முன்பே சண்டை போட்டவர் அவர். அதில்தான் பிற்பாடு டைட்டன்-4 ராக்கெட் வந்தது. நம்பாத வண்டியிலேயே டிக்கெட் போட்டிருந்தார் மனிதர்.

#15 பசிபிக்_தமிழன்

நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். எஸ்எல்சி-6 பார்க்க ராணுவ அனுமதி எல்லாம் வேண்டாம், கடற்கரை ரயிலில் ஏறினால் போதும். தண்டவாளம் தளத்தின் நடுவே போகிறது. போன வருடம் காலையில் போனபோது மூடுபனி. முதலில் ஒன்றும் இல்லை. திடீரென்று ஜன்னல் முழுக்கப் பெரிய வெள்ளைக் கட்டடம், அதில் துருக்கோடுகள். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "அங்கேதான்" என்று மனைவியிடம் காட்டினார். அவர் திரும்புவதற்குள் பனி மூடிவிட்டது. இதே மூடுபனியும் விண்ணோடத்துக்குப் பெரிய தலைவலியாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

1989 இறுதியில் விண்ணோடத்தை அங்கே அடியோடு கைவிட்டார்கள். 2006-இலிருந்து டெல்டா-4 ராக்கெட் போனது. 2023-இல் ஸ்பேஸ்எக்ஸ் குத்தகைக்கு எடுத்தது. அது சுமாஷ் பழங்குடியினரின் இடுகாடு, அதனால்தான் சாபம் என்று உள்ளூரில் ஒரு பேச்சு. எனக்கு நம்பிக்கை இல்லை. சாபம் டெல்டாவுக்கு மட்டும் எப்படி விலக்கு கொடுத்தது?

#16 பழைய_ரேடியோ

அந்தப் பெரியவர் யாரோ, அங்கே வேலை பார்த்தவராக இருக்கலாம்.

இழையில் விட்டுப்போனது ஒன்று. பி80-1 கடைசியில் ஒஹையோவில் டேட்டன் நகரத்து விமானப்படை அருங்காட்சியகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சோல்விண்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

#17 தேரிக்காடு

இளங்கோ தம்பி, உங்கள் 2,557-க்கு விடை கிடைத்தது. சோறு சாப்பிட்டுக்கொண்டே கால்குலேட்டரைத் தட்டினேன். 365.25-ஐ ஏழால் பெருக்குங்கள். 2,556.75. ஏழு வருடத்தில் மொத்தம் எத்தனை நாளோ அத்தனை தடவை. நாளுக்கு ஒரு முறை எஞ்சினைப் போட்டு அணைப்பது. 7,055-ஐ அதால் வகுத்தால் ஒரு தடவைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வருகிறது.

#18 இளங்கோ_ஏரோ

அட! ஏழு வருடம் உழைக்க வேண்டிய செயற்கைக்கோளின் தினசரி வேலையைத்தான் அப்படியே எண்ணி வைத்திருக்கிறார்கள். லீப் வருடத்தைக் கூட விடவில்லை. நன்றி அண்ணா, இன்று ராத்திரி தூங்கிவிடுவேன்.

#19 கணக்குப்பிள்ளை

அந்தக் கணக்கைப் போட்டவருக்கு ஒரு டீ சொல்லலாம்.